நினைவைக் காப்பது படச்சுருளா?

கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும் படங்களுக்குத் தமிழில் தனி மரியாதை உண்டு. ‘அழகி’ (2002), ‘ஆட்டோகிராஃப்’ (2004), ‘சுப்ரமணியபுரம்’ (2008), ‘96’ (2018), ‘மெய்யழகன்’ (2024) என்று இந்த வரிசையில் எது வந்தாலும் ஏறத்தாழ ஒரே பாராட்டுத்தான் கிடைக்கிறது: ஒரு தலைமுறையின் நினைவை இந்தப் படம் மீட்டுக் கொடுத்துவிட்டது. பழைய பாட்டுத் தொகுப்பைப் பத்திரப்படுத்துவதிலும், கல்யாண கேசட்டைப் பென் டிரைவுக்கு மாற்றுவதிலும், பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பிடித்துவைப்பதிலும் வேலை செய்வது இதே நம்பிக்கைதான். பதிந்தால் நிற்கும், பதியாவிட்டால் போய்விடும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பதிவுப் பொருளின் ஆயுளைப் பார்த்தாலும், பதிவுக்குள் இருப்பதைப் பார்த்தாலும் இது தவறு. அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்து அதியமான்கோட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுமே பெரும்பாலும் போதும்.

சுருளின் ஆயுளை முதலில் பார்க்கலாம். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். இன்று அதில் ஓர் அடிச் சுருள்கூடக் கிடையாது. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ‘காளிதாஸ்’ தமிழ் பேசிய முதல் படம். அதுவும் இல்லை. அன்றைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடித்த படத்தை வைத்திருப்பது வெறும் செலவு. உருக்கினாலோ அதிலிருந்து வெள்ளி கிடைக்கும். பணக்கஷ்டத்தில் இருந்த முதலாளிக்கு எது லாபம் என்று யோசிக்க நேரம் ஆகியிருக்காது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டபோது மௌனப் படங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே மறைந்துவிட்டது.

தென்னிந்திய மௌனப் படங்களில் தப்பியது அநேகமாக ஒன்றுதான்: சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து 1930களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’. அதைக் காப்பாற்றியது கலை ஆர்வம் இல்லை, வழக்கு. நாவலின் உரிமை தங்களுடையது என்று திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தக நிறுவனம் நீதிமன்றம் போனது. படம் முடக்கப்பட்டது, பிரதி புத்தகக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1974இல் அங்கிருந்து அது காப்பகத்துக்கு வந்தது. தடையில்லாமல் ஓடிய படங்கள் அழிந்தன. சண்டையில் மாட்டிய படம் நின்றது. ஒரு பொருளின் மேல் யாருக்காவது உரிமைக் கோரிக்கையோ கடனோ கோபமோ இருந்தால்தான் அது நிற்கும் என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

ஒலித்தட்டின் கதை கொஞ்சம் மேல். என்றாலும் அங்கேயும் பதிந்தது எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. 78 சுற்று அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஏறும். 1933இல் இறந்த எஸ்.ஜி. கிட்டப்பா விடிய விடிய நடக்கும் நாடகத்தில், கூட்டம் மறுபடி மறுபடி கேட்கப் பாடியவர். தட்டில் இருப்பது கருவியின் கணக்குக்கு வெட்டிய கிட்டப்பா. அதைக் கேட்டு மெய்சிலிர்க்கலாம், தப்பில்லை. அந்த இரவு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது.

இனி, பதிவுக்குள் இருப்பது. 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் தமிழகத்தின் எல்லாச் சிற்றூர்களையும் போலத் தருமபுரியிலும் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. வெற்று கேசட் ஒன்று, அறுபது நிமிடமோ தொண்ணூறோ, வாங்கிக் கொடுத்து, நோட்டுத் தாளில் பாட்டின் முதல் வரியும் படத்தின் பெயரும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். கேட்ட பாட்டு கிடைக்காத இடத்தில் கடைக்காரர் தன் ரசனைக்கு ஒன்றைச் சொருகியிருப்பார். ‘ஏ’ பக்கம் முடியும் இடத்தில் ஒரு பாட்டு இரண்டாம் சரணத்தோடு அறுந்துவிடும். வருஷக்கணக்காக அப்படியே கேட்டவருக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் அந்த இடத்தில்தான் முடிகிறது.

நினைவேக்கப் படங்களின் மூலதனம் இந்த கேசட்தான். 1980ஆம் ஆண்டு மதுரையைச் சொல்லும் ‘சுப்ரமணியபுரம்’ அதே ஆண்டில் வந்த ‘கல்லுக்குள் ஈரம்’ படத்துப் பாட்டை வைத்துக் காதலைச் சொல்கிறது. ‘96’ படத்தில் நாயகி ஜானு பாடுவதெல்லாம் இளையராஜா பாட்டுகள். ‘தளபதி’ பாட்டை அவள் எப்போது பாடுவாள் என்பதே கதையின் பெரிய எதிர்பார்ப்பு. தன் பாடல்களைப் புதிய படங்கள் இப்படிப் பயன்படுத்துவதை 2019இல் இளையராஜா கடுமையாகக் கண்டித்தார். பேச்சு முழுவதும் உரிமை, மரியாதை என்றே போனது. அதைவிட அடிப்படையான கேள்வியை யாரும் எழுப்பவில்லை: பார்வையாளர் கண்கலங்கும்போது அவர் நினைப்பது எதை? தன் வாழ்க்கையையா, ஏற்கெனவே பதிவாகித் தன்னிடம் இருந்த பாட்டையா? பெரும்பாலும் இரண்டாவதைத்தான். சினிமா இங்கே சினிமாவை நினைத்துக்கொள்கிறது. பதிவு பதிவை மேற்கோள் காட்டுகிறது. முதலில் எது பதிவாகவில்லையோ, அதற்கு இந்தச் சுற்றில் நுழைய வழியே இல்லை.

பதிவாகாதவை சிறிய விஷயங்கள் அல்ல. 96ஆம் ஆண்டு வகுப்பறை என்றதும் ஊரே உருகுகிறது. அதே காலத்தில் பெண்சிசுக் கொலைக்காகத் தருமபுரி மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. இந்த மாவட்டத்து வகுப்பறைகளுக்கு வராமலே போன பெண்களைப் பற்றி எந்தப் பாட்டும் இல்லை, ஆகவே எந்த ஏக்கமும் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் பாதியில் நின்ற படிப்புக்கும் பின்னணி இசை கிடையாது. ‘அழகி’ இதில் ஓரளவு விதிவிலக்கு. அதில் வறுமையின் முகம் தெரிகிறது. 2024 ஆகஸ்டில் வந்த மாரி செல்வராஜின் ‘வாழை’ இன்னும் தெளிவான விதிவிலக்கு. வாழைத்தார் சுமக்கப் போன ஊர்க்காரர்கள் லாரி விபத்தில் இறந்ததைச் சொல்லும் படம் அது. அடுத்த மாதமே ‘மெய்யழகன்’ வந்தது. இரண்டுமே சிறுவயதையும் ஊரையும் நினைக்கும் படங்கள். ஒன்று விட்டுவந்த வீட்டுக்காக ஏங்குகிறது. மற்றொன்று இறந்தவர்களின் பெயரில் பாக்கியைக் கேட்கிறது. இரண்டையும் ‘நினைவுகளின் படம்’ என்று ஒரே கூடையில் போடுவது சோம்பேறித்தனம்.

அதியமான்கோட்டை தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான்களின் கோட்டை இங்கே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும் சிலைகளாக நிற்கும் அதியமான் கோட்டமும் இங்கேதான். சங்க காலத்துக் குறுநில மன்னன் ஒருவனை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் பள்ளிப் பிள்ளைகள் நெல்லிக்கனியோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் படமும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. பாணரும் புலவரும் பாடினார்கள், பின்வந்தவர்கள் ஏட்டில் எழுதினார்கள், ஏடு செல்லரிக்கும் முன் அடுத்த தலைமுறை அதைப் பெயர்த்து எழுதியது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது அவருக்கு உதவியது இப்படிக் கைமாறி வந்த சுவடிகள்தான்.

ஏடும் ஒரு பதிவுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். சரிதான். அதனால்தான் ‘தகடூர் யாத்திரை’யின் கதி இங்கே முக்கியமாகிறது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்த போரைச் சொல்லும் அந்த நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று கையில் இருப்பவை ‘புறத்திரட்டு’ என்ற தொகைநூலில் எடுத்துச் சேர்த்த பாடல்களும், தொல்காப்பிய உரையில் மேற்கோளாக வந்தவையும். எழுதப்பட்டது என்பதற்காக அந்த நூல் பிழைக்கவில்லை. யாரோ ஒருவர் தன் வேலைக்கு எடுத்தாண்ட பகுதிகளே பிழைத்தன. தொகுத்தவருக்கு அது பாடம், உரைகாரருக்குச் சான்று. சும்மா பத்திரப்படுத்தப்பட்ட மீதி போய்விட்டது.

இதே அதியமான்–ஔவை கதையைச் சினிமா எப்படிக் காத்தது என்பதற்கு ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) இருக்கிறது. எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அந்தப் படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரல் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டது. அந்தக் குரலுக்கு எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெவ்வேறு காலத்து ஔவைகளை ஒரே மூதாட்டியாக்கி, கோலூன்றி நடக்கவிட்டு, மக்கள் மனத்தில் நிரந்தரமாக நிறுத்தியதில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புறநானூற்று ஔவையைப் பகை வேந்தன் மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உடைய விறலி என்று விளிக்கிறான். அவள் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்து குடித்தவள். அவன் இறந்தபோது அதை நினைத்தே அழுதவள். பக்திப் படத்தில் அவளுக்கு இடமில்லை. ஒரு நினைவை உச்சத் தரத்தில் பதிவுசெய்தது, அதற்கு அடியில் இருந்த பழைய நினைவை மூடிவிட்டது. படம் நன்றாக இருந்ததுதான் காரணம். மோசமாக எடுத்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

தருமபுரிப் பக்கம் வேறு ஒரு பதிவுமுறையும் உண்டு. இந்த மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களான கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலும் நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவரப் போய் இறந்தவன், மீட்கப் போய் இறந்தவன், ஊருக்காக விழுந்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். வில்லும் வாளுமாக உருவத்தைச் செதுக்கி, மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து எசமானைக் காத்து நின்றது என்று நாயின் பெயரையும் செயலையும் கல் சொல்கிறது. சுமார் 1,400 ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் தெரிகிறது என்பது எந்தப் படச்சுருளும் இன்னும் எட்டாத சாதனை.

இதைப் பதிவின் வெற்றியாகச் சொல்லத் தோன்றும். கல் எப்படிப் பிழைத்தது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும். வட்டெழுத்து வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. எழுத்தைப் படிக்க ஊரில் ஆளில்லை. ஆனால் பல ஊர்களில் அந்தக் கல் வேடியப்பன் என்ற சாமியாகிவிட்டது. எண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கலிட்டு வணங்கினார்கள். வணங்கியவர்களுக்கு வீரனின் பெயர் தெரியாது. தெரியாமலே கல்லைக் காத்தார்கள். பூசை நின்ற கல் வாய்க்காலுக்குப் பாலமாகவும் துவைக்கும் கல்லாகவும் போனது. தொல்லியல் துறையினர் 1970களில் செங்கம் வட்டாரத்தில் தேடித் தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்கள், பெயர் அறியாத மக்கள் காத்துக் கொடுத்தவை. எண்ணெயும் கற்பூரமும் எழுத்தைக் கொஞ்சம் தேய்த்திருக்கும், உண்மைதான். ஆனாலும் எழுத்து மட்டும் இருந்து பூசை இல்லாவிட்டால் கல்லே இருந்திருக்காது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. மனித நினைவு தவறும், கூட்டும், குறைக்கும். சரிபார்க்கப் பதிவு வேண்டும். இதற்கும் அதியமானே உதாரணம். அசோகனின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நீண்ட காலம் மோதிக்கொண்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு சத்தியபுத்திரன் என்ற பட்டத்தையும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லி வழக்கைத் தீர்த்தது. பதிவு இல்லாமல் இது முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. ஆனால் அந்தக் கல்வெட்டைப் படித்த கணமே அது யார் என்று புரிந்தது எதனால்? புறநானூறு அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்ததால். பாட்டு மறைந்திருந்தால் ஜம்பைக் கல் ஒரு துறவியின் குகையில் பொறித்த ஏதோ ஒரு பெயராக நின்றுவிட்டிருக்கும். பதிவு சாட்சி சொல்ல வேண்டுமானால் அதைக் கேள்வி கேட்கத் தெரிந்த நினைவு முதலில் இருக்க வேண்டும்.

நினைவு நம்பத்தகாதது என்ற பேச்சுக்கு இதே மாவட்டம் இன்னொரு பதிலையும் வைத்திருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. மக்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அங்கே எந்த காமெராவும் இல்லை. அரசின் கையில் இருந்த தாள்கள் இந்த மக்களையே குற்றவாளிகள் என்றன. அதாவது பதிவு பொய்யின் பக்கம் இருந்தது. எதிரே இருந்தது அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் வாய்ச்சொல் மட்டும். சிபிஐ விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேருக்குத் தண்டனை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது ஆண்டு, பிறகு முப்பத்தோரு ஆண்டு, அந்தப் பெண்கள் நினைவை விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களோடு பழங்குடி மக்கள் சங்கமும் நின்றது. படங்கள் பின்னால் வந்தன. அவை வந்ததால் நினைவு பிழைக்கவில்லை. நினைவு பிழைத்திருந்ததால் படம் எடுக்க முடிந்தது.

கீழ்வெண்மணியிலும் வரிசை இதுதான். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் 2005இல் வந்தது. இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டும் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று அங்கே கூடியவர்கள்தான் அந்த இரவைச் சுமந்தவர்கள். ஈழத்தின் கடைசிப் போர் கைப்பேசிகளில் பதிவானது, உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. இன்று மே மாதம் வந்தால் ஊர்தோறும் அதை நினைவுக்குக் கொண்டுவருவது உப்பும் அரிசியும் தண்ணீருமான முள்ளிவாய்க்கால் கஞ்சி. காணொளி கோப்பில் கிடக்கிறது. கஞ்சியை ஆண்டுதோறும் யாராவது காய்ச்ச வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நன்றாக உணர்ந்த படக்காரர்களும் உண்டு. யூதப் படுகொலையைப் பற்றி குளோத் லான்ஸ்மான் எடுத்த ‘ஷோவா’ (1985) ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் ஒரு பழைய செய்திப்படத் துண்டுகூட இல்லை. பிழைத்தவர்களையும் பார்த்தவர்களையும் செய்தவர்களையும் உட்கார வைத்துக் கேட்கிறார், அவ்வளவுதான். யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பற்றிய சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ போன்ற படங்களும் நினைப்பவரைத் தேடிப் போனவை. இவற்றையும் நினைவேக்கப் படங்களையும் பிரிப்பது தரமோ செலவோ அல்ல. ஏக்கப் படம் பார்வையாளரிடம் எதையும் கேட்பதில்லை. கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பிவிடும். நினைவுப் படத்தில் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே பதிவே வேண்டாம் என்றாகிவிடாது. எதைப் பதிவது, யாருக்காகப் பதிவது என்பதுதான் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் கதையும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருக்க, அவனைச் சுற்றி இப்போது நூறு கைப்பேசிகள் உயர்கின்றன. முன்பு ஆடியோ கேசட், பிறகு விசிடி, இப்போது யூடியூப். அந்த வீடியோக்களில் ஒரு பகுதி உண்மையில் பயன்படுகிறது: வேஷம் கட்டப் பழகும் பையன்கள் விருத்தத்தையும் அடவையும் அதில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏட்டைப் பெயர்த்து எழுதியவர்கள் செய்த வேலை அதுதான். மீதி வீடியோக்களில் ஊர்ப் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, துரியோதன வேஷம் கட்டியவர் எந்த ஜமாவை, அதாவது எந்தக் கூத்துக் குழுவைச் சேர்ந்தவர் என்று இல்லை. ‘பகுதி 4’ என்று மட்டும் இருக்கிறது. பல்லவர் காலத்துக் கல்தச்சன் ஒரு நாய்க்குக்கூட விடாமல் எழுதிய விவரங்கள் இவை. அவற்றைச் சேர்க்க ஒரு வீடியோவுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த வேஷக்காரர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.